மார்க்கு வாங்கியது யார்?

பரீட்சை முடிவு வெளியான அன்று சாயங்காலம் நம் வீடுகளில் நடக்கும் ஒரு சின்ன நாடகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பையன் கணக்கில் தொண்ணூற்றைந்து வாங்கிக் கொண்டு வந்தால், "பின்னே? எங்கள் தாத்தா அந்தக் காலத்திலேயே கணக்கில் புலியாயிற்றே!" என்று அப்பா மீசையைத் தடவிக் கொள்வார். முப்பத்தைந்தில் தட்டுத் தடுமாறித் தேறினாலோ, "எல்லாம் உன் தம்பி புத்தி!" என்று அதே வாய் அம்மாவின் பிறந்த வீட்டைச் சந்திக்கு இழுத்து விடும். அம்மா மட்டும் சும்மா இருப்பாளா? புக்ககத்தில் சொல்லிக் காட்ட அவளுக்கும் இரண்டு பேர் அகப்படாமலா போவார்கள்! இந்தச் சண்டையில் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது. மார்க்கு வாங்கியது பிள்ளை மாத்திரம் அல்ல, அவன் பிறந்த வீடும் சேர்ந்துதான் என்பதில் இருவரும் ஒன்று.

அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் அந்த உண்மையை ரத்தத்தில் தேடுகிறோம். தாத்தாவிடமும் தாய்மாமனிடமும் தேடுகிறோம். குழந்தைகளின் படிப்பை ஆராய்ந்தவர்களோ அதைக் கூடத்திலும் அடுக்களையிலும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரில் தொங்கும் கடிகாரத்திலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்வதற்குத் திருநெல்வேலிச் சீமையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. படிப்புக்குப் பேர்போன ஊரும், படிப்பு எட்டிப் பார்க்கத் தயங்கிய ஊரும் அங்கே ஒரே ஆற்றங்கரையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

பாளையங்கோட்டையைத் 'தென்னாட்டு ஆக்ஸ்போர்டு' என்று பெருமையாகச் சொல்வார்கள். செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1878-லும், சாரா டக்கர் பெண்கள் கல்லூரி 1895-லும், செயின்ட் சேவியர் கல்லூரி 1923-லும் அங்கே ஏற்பட்டவை. ஆற்றைத் தாண்டினால் திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி. காலை எட்டரை மணிக்கு அந்த ஊர்த் தெருக்களில் நின்று பார்த்தால், சீருடை வெள்ளம் தாமிரபரணி வெள்ளத்தோடு போட்டி போடும். அங்கிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் பாதையில் போங்கள். இரு புறமும் வயலும் வாழைத் தோட்டமும். கோரைப் பாய்க்குப் பத்தமடை, அப்பளத்துக்குக் கல்லிடைக்குறிச்சி, பீடிக்கு முக்கூடல் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில். கல்லூரி வாசலில் இருந்து பஸ் ஏறினால் காலைப் பலகாரம் ஜீரணமாவதற்குள் போய்ச் சேர்ந்து விடக் கூடிய ஊர்கள்தான். ஆனாலும் அந்த வீடுகளில் பல, ஒரு பட்டதாரியைக் காண எத்தனையோ தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் என்ன? பள்ளிக்கூடம் இல்லையா? பல ஊர்களில் இருந்தது. வாத்தியார் இல்லையா? அவரும் இருந்தார்.

இதே கேள்வியை அமெரிக்காக்காரர்கள் 1960-களில் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் பேராசிரியரின் தலைமையில், ஏறக்குறைய 4,000 பள்ளிக்கூடங்களில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கட்டடமும், நூல் நிலையமும், சோதனைச் சாலையும் சரியில்லாததால்தான் ஏழைப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று அறிக்கை சொல்லும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அறிக்கை வேறு விதமாகச் சொல்லிற்று. பள்ளிக்குப் பள்ளி உள்ள வித்தியாசத்தை விட, வீட்டுக்கு வீடு உள்ள வித்தியாசம்தான் மார்க்கில் அதிகமாகத் தெரிகிறது என்றது. கூடவே, பக்கத்துப் பெஞ்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம் என்றது. அந்த நாட்டில் அன்று எழுந்த வாதம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

சரி, வீடு என்றால் வீட்டில் எது? பணமா? பணத்துக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பதில் அமெரிக்காவில் இருந்து வரவில்லை; பக்கத்துப் பாகிஸ்தானின் பஞ்சாப் கிராமங்களில் இருந்து வந்தது. பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத தாய்மார்களின் பிள்ளைகளையும், ஏதோ கொஞ்சமாவது படித்த தாய்மார்களின் பிள்ளைகளையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு அச்சாயிற்று. கொஞ்சம் படித்த தாயின் பிள்ளை, வீட்டில் படிப்பு சம்பந்தமான காரியங்களில் ஒரு நாளைக்கு 72 நிமிஷம் அதிகமாகச் செலவிடுகிறது! அந்தப் பிள்ளைகளின் மார்க்கும் கூடுதலாகவே இருந்தது. அந்தத் தாய்மார்கள் எம்.ஏ., பி.ஏ. அல்ல என்பதைக் கவனியுங்கள். சிலர் ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர்கள். அவர்கள் பிள்ளைக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. ஆனால், "உட்கார், படி. மாட்டை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்லியிருக்க முடியும்.

72 நிமிஷம்! வருஷம் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் நானூறு மணிக்கு மேல் வருகிறது. டியூஷன் வாத்தியார் யாரிடமாவது இவ்வளவு நேரத்துக்கு ரேட்டு விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

இப்போது முக்கூடல் பக்கத்து ஒரு பீடித் தொழிலாளியின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். இலையும் தூளும் நூலும் கம்பெனி ஏஜண்டிடம் இருந்து வரும். இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பதப்படுத்த வேண்டும். அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். தூளை வைத்துச் சுற்ற வேண்டும், நூலால் கட்ட வேண்டும், இரண்டு நுனிகளையும் மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சமையல், தண்ணீர், துணி துவைப்பு இவற்றுக்கு நடுவே ஒருத்தி ஆயிரம் பீடி சுற்றுவதென்றால் பொழுது விடிந்து பொழுது சாய்ந்து விடும். சரியாக வராத பீடியைக் கழித்து விடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது.

அந்த வீட்டுக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு பெண் குழந்தை வருகிறது. "ஏட்டி, பையை வச்சிட்டு இந்த நுனியை மட்டும் மடக்கிக் குடு, தாயி" என்கிறாள் அம்மா. கொடுமைக்காரி அல்ல. நாளைக் காலையில் கட்டு கணக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தையின் விரல் சின்னது, நுனி மடக்க வாகானது. இதைக் குழந்தைத் தொழில் என்று யாரும் அந்த வீட்டில் நினைப்பதில்லை; அம்மாவுக்கு ஒத்தாசை என்றுதான் பெயர். மணி ஏழாகும்போது தம்பியைப் பார்த்துக் கொள்ள வேண்டும். எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகும். எழுபத்திரண்டு நிமிஷமும் நுனி மடக்கியே தீர்ந்து போயிற்று.

பையனுக்கு இந்தத் தொந்தரவு கொஞ்சம் குறைவு. அவன் பந்தை எடுத்துக் கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடி விடுவான். வீட்டின் வறுமையைச் சுமப்பதில் கூடப் பெண்ணுக்குத்தான் முதல் பங்கு. இதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'பீடி சுற்றியே பிள்ளையைப் படிக்க வைத்தேன்' என்று சொல்லும் தாய்மார்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று மத்திய அரசு சட்டம் செய்தது. அந்த நிதியில் இருந்து அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித் தொகை கிடைக்க வழி ஏற்பட்டது. பணம் சிறிது, ஆனால் நுனி மடக்காமல் உட்கார்ந்து படிப்பதற்கு வீட்டில் ஒரு நியாயத்தை அது உண்டாக்கிற்று. 'உனக்கு ஸ்காலர்ஷிப் வருதுல்லா, படி' என்று சொல்லலாம் அல்லவா?

வயல் பக்கத்திலும் இதே கணக்குத்தான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும். நடவுக்கும் அறுப்புக்கும் தாய் வயலுக்குப் போய்விட்டால், மூத்த பெண் கைக்குழந்தைக்குத் தாயாகி விடுவாள். தெற்கே தேரிக் காட்டில் பதநீர் இறக்கும் காலத்தில் குடும்பமே பனங்காட்டுக் குடிசைக்குப் போகும்; கருப்பட்டிப் பானையின் அடியில் தீ அணையாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே! பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் அந்த மாதங்களில் வரிசையாக 'வரவில்லை' என்று விழும். வாத்தியார், 'சோம்பேறிப் பிள்ளைகள்' என்பார். அந்தப் பிள்ளைகள் வாத்தியாரை விட முன்னால் எழுந்து விட்டவர்கள்.

நேரத்துக்கு அடுத்தபடி, பேச்சு. இதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. உத்தியோகஸ்தர் வீட்டில் காலையில் பத்திரிகை வருகிறது. அப்பா படித்து விட்டு ஏதோ சொல்கிறார், அம்மா ஏதோ மறுத்துச் சொல்கிறாள். 'தீர்மானம்', 'வெள்ள நிவாரணம்' என்ற சொற்கள் இட்லியோடு சேர்ந்து குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. பாடப் புத்தகத்தில் அவை வரும்போது பழைய சிநேகிதர்கள். மற்றொரு வீட்டுக் குழந்தைக்கோ பாடப் புத்தகத்தின் தமிழே அந்நிய பாஷை மாதிரி. அவள் வீட்டில் 'வந்தாவ' என்பார்கள். புத்தகம் 'வந்தார்கள்' என்கிறது. 'பையப் போ' என்று அவள் சொன்னால் வகுப்பில் சிரிப்பு. 'மெதுவாகப் போ என்று சொல்' என்கிறார் டீச்சர். (அந்தப் 'பைய' திருக்குறளிலேயே வரும் சொல் என்று டீச்சரும் சொல்வதில்லை, பாவம், குழந்தைக்கும் தெரியாது.) இரண்டு முறை சிரித்தால் போதும், மூன்றாம் முறை குழந்தை வாயைத் திறக்காது. வாய் திறக்காத குழந்தையை மந்தம் என்று எழுதி விடுவது எளிது.

இவ்வளவையும் கேட்டு விட்டு, 'எங்கள் வீட்டில் பத்திரிகையும் வருகிறது, நேரமும் இருக்கிறது, எங்கள் பிள்ளை ஏன் இப்படி?' என்று சில தாய்மார்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. அதற்கும் நெல்லைச் சீமையிலேயே பதில் இருக்கிறது.

எட்டயபுரம் சின்னசாமி ஐயரின் மகன் சுப்பிரமணியத்துக்கு ஐந்து வயதில் தாயார் போய்விட்டார். தகப்பனார் அறிவாளி; இயந்திரங்களில் ஆசை கொண்டு பஞ்சாலை வைத்தவர். பிள்ளை கணக்கும் இங்கிலீஷும் படித்துப் பெரிய நிலைக்கு வர வேண்டும் என்று 1894-ல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். பையனுக்குக் கணக்கில் நாட்டமில்லை, பாட்டில்தான் மனம். அந்த நெல்லைப் படிப்பை நினைத்துப் பிற்காலத்தில் பாரதியார் தம் சுயசரிதைப் பாட்டில் எவ்வளவு கசந்து கொண்டார் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆலை நொடித்து, 1898-ல் தகப்பனாரும் இறந்த பிறகு, காசியில் அத்தை வீட்டில் போய் இருந்தார். அதே பிள்ளை அங்கே பிரவேசப் பரீட்சையில் தேறினார்! தலை அதே தலைதான். வீடு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

புதுமைப்பித்தனை எடுத்துக் கொள்ளுங்கள். தகப்பனார் தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. எட்டு வயதில் தாயார் காலமாகி விட்டார். திருநெல்வேலியில் படித்து, பி.ஏ. பட்டம் வாங்க 1931 வரை, அதாவது இருபத்தைந்து வயது வரை ஆயிற்று. தமிழ்ச் சிறுகதையையே புரட்டிப் போட்ட மூளைக்கு ஒரு பி.ஏ. அவ்வளவு பாரமாக இருந்தது. இரண்டு வீட்டிலும் படிப்பு இருந்தது, லட்சியம் இருந்தது, தகப்பனாரின் வற்புறுத்தலும் இருந்தது. பள்ளி விட்டு வந்த பையனிடம், 'இன்றைக்கு என்னடா ஆயிற்று?' என்று கேட்க உரியவள்தான் இல்லை. இதை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனாலும் இரண்டு வரலாறுகளையும் படிக்கும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது.

ஆகவே, வீடு கொடுக்க வேண்டிய சாமான்கள் சில உண்டு: வயிற்றுக்குச் சோறு, உட்கார்ந்து படிக்க நேரம், காதுக்குப் பேச்சு, கேட்க ஓர் ஆள். இவற்றில் எதையேனும் ஒரு வீடு கொடுக்க முடியாமற் போனால் அதை வேறு யாராவது கடனாகக் கொடுத்தாக வேண்டும். திருநெல்வேலியின் கல்வி வரலாறு முழுவதும் இந்தக் கடன் கொடுத்த கதைதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கொடுத்தவர்கள் பாதிரிமார்கள். தங்கள் மதத்தைப் பரப்ப வந்தவர்கள்தான். அதில் ஒளிவு மறைவில்லை. ஆனால் பெண் குழந்தை வீட்டில் இருந்து வந்து போனால் படிப்பு நிலைக்காது என்று கண்டுகொண்டு, விடுதியோடு கூடிய பள்ளிகளை வைத்தார்கள். இடையன்குடியில் எலிசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பள்ளியோடு லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். இன்னொரு பெண்மணியின் கதை விசித்திரமானது. சாரா டக்கர் என்ற அந்த இங்கிலீஷ் மாது நம் நாட்டைக் கண்ணால் கண்டதே இல்லை. சென்னையில் இருந்த தமையனாரின் கடிதங்களில் இருந்து நம் பெண்களின் நிலையை அறிந்து உருகியவர். அவர் பெயரை வைத்து எழுந்த பள்ளிதான் பின்னால் பாளையங்கோட்டைக் கல்லூரியாகப் பெருகிற்று. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் ஊர் ஊராக ஆசிரியைகளாகப் போனார்கள். அந்த ஆசிரியைகளின் பிள்ளைகள், படித்த தாயின் பிள்ளைகள் ஆனார்கள்.

அடுத்து, சோறு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு திட்டம் வந்தது. பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பனோடு இருந்து வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்பது அதன் சாரம். எதிர்த்தவர்கள் 'குலக் கல்வி' என்று பெயர் வைத்தார்கள்; பெயர் ஒட்டிக் கொண்டது. 1954-ல் காமராஜ் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கொண்டு வந்தவருக்கு வேறு நோக்கம் இருந்திருக்கலாம். ஆனால் நாம் பார்த்து வந்த பீடி வீட்டுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அவளுக்குப் பள்ளி நேரத்தையும் குறைத்து வீட்டு நேரத்தைக் கூட்டினால் என்ன மிஞ்சும்? இன்னும் இருநூறு நுனி மடக்கலாம்.

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் காமராஜின் கார் நின்றபோது, மாடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பையனிடம், "பள்ளிக்கூடம் போகலையா?" என்று அவர் கேட்டாராம். "போனா யாரு சோறு போடுவா?" என்றானாம் பையன். நெல்லைப் பக்கத்தில் வாய்வழியாக வழங்கி வரும் கதை இது. எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்ததோ இல்லையோ, கேள்வியும் பதிலும் கலப்படமில்லாத உண்மை. அதைப் புரிந்து கொள்ள அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதில் தகப்பனை இழந்து, தாயாரின் நகையை நம்பி வளர்ந்து, பாதியில் பள்ளியை விட்டவர் அவர். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது முதலில் உலை வைத்த ஊர்களில் பாரதி பிறந்த எட்டயபுரமும் ஒன்று. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022-ல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரமும் சேர்ந்தது. பீடித் தட்டின் முன்னாலோ வயலிலோ விடியற்காலையிலேயே உட்காரும் தாய்க்கு அந்தக் காலைப் பலகாரம் எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பது, தினமும் ஏழு மணிக்குள் தோசை வார்த்துக் கொட்டும் உங்களுக்குத் தெரியாதா?

கோல்மன் சொன்னதற்கு ஒரு திருத்தமும் பிற்பாடு வந்தது. ஹைன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் கணக்கைப் பார்த்து 1983-ல் எழுதினார்கள். பணக்கார நாடுகளில் வீடுதான் பெரிது. ஏழை நாடுகளிலோ பள்ளியும் ஆசிரியரும் வீட்டை விடப் பெரிய வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. பின்னால் வந்தவர்கள் இதையும் மறுத்து வாதாடியிருக்கிறார்கள். என்றாலும் தாமிரபரணிக் கரையைப் பார்க்கிறவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எதுவுமே இல்லாத வீட்டுக் குழந்தைக்கு ஒரு நல்ல டீச்சர் கிடைத்தால், அவள் டீச்சர் மட்டுமா? பத்திரிகை வாங்கும் அப்பாவும் அவள்தான், 'என்ன ஆயிற்று?' என்று கேட்கும் அம்மாவும் அவள்தான்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. வீடு கொடுத்தனுப்புவது சோறும் பேச்சும் மட்டும் அல்ல. எந்தச் சாதி என்பதையும் கையில் ஒரு கலர்க் கயிறாகக் கட்டி அனுப்பும் வீடுகள் நெல்லைப் பக்கத்தில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்துக் கொண்டிருந்த ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவன் பள்ளிப் பிள்ளைகள். அதன் பேரில் அரசாங்கம் அமைத்த நீதியரசர் சந்துருவின் குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில், கையில் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்றது. அடிபட்ட பையன் உயிர் பிழைத்து, அடுத்த வருஷமே பிளஸ் டூ பரீட்சை எழுதித் தேறினான். வெட்டிய பிள்ளைகளுக்கு அந்தக் கயிற்றைக் கட்டி விட்டது யார் கை? இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்திடம் மட்டும் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

இனி, சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்களில் பலர் பட்டணத்தில் இருக்கிறீர்கள். காலை ஆறரை மணிக்கு ஓர் அம்மாள் வந்து உங்கள் பாத்திரத்தைத் தேய்த்து, வாசலைக் கூட்டிவிட்டுப் போகிறாள். அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் பெண்ணை எழுப்பி, பாலைக் காய்ச்சிக் கொடுத்து, "எங்கே, அந்தப் பாட்டை ஒப்பி, பார்க்கலாம்" என்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்த அம்மாளுக்கும் எட்டாவது படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அதே ஆறரை மணிக்கு அந்தப் பெண் அடுப்பு மூட்டுகிறாள், தம்பிக்குத் தலை வாருகிறாள், குழாயடியில் வரிசையில் நிற்கிறாள். உங்கள் பெண்ணுக்குக் கிடைக்கும் 72 நிமிஷம் வானத்தில் இருந்து வந்து விழவில்லை. அதில் ஒரு பகுதி அந்தப் பெண்ணின் கடிகாரத்தில் இருந்து எடுத்தது. பரீட்சை முடிவு வந்ததும் இரண்டு பேருடைய மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'அவளுக்குப் படிப்பு ஏறவில்லை' என்று சொல்லி விடுகிறோம்.

கோபித்துக் கொள்ள வேண்டாம். வேலைக்காரியை நிறுத்தி விடுங்கள் என்று சொல்ல வரவில்லை; அவளுடைய சம்பளம்தான் அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகம். பரீட்சை மாதத்தில், "நீ ஏழரைக்கு வந்தால் போதும், உன் பெண் படிக்கட்டும்" என்று சொல்லலாம். சாயங்காலம் உங்கள் வீட்டு விளக்கு எரியும் தாழ்வாரத்தில் அவளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் பெண் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், முதலில் கணக்கு வருவது உங்கள் பெண்ணுக்குத்தான்! 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று அரசாங்கம் ஆரம்பித்தபோது, தெருத் தெருவாகச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கொண்டவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற பெண்கள்தான். ஒரு திண்ணை, ஒரு கரும்பலகை, கொஞ்சம் பொறுமை. வேறு என்ன மூலதனம் வேண்டியிருந்தது?

எழுத்தறியாத தாயால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் நெல்லையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பாட்டிகளும் தாய்மார்களும் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து 'பட்டா', 'படி' என்று எழுத்துக் கூட்டினார்கள். எல்லோரும் கடைசி வரை படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவே சிலேட்டைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளை மட்டும் தெருவுக்கு ஓடி விடுமா? எழுதப் படிக்கத் தெரியாத தாய், "இன்றைக்கு டீச்சர் சொன்ன கதையை எனக்குச் சொல்லு" என்று கேட்கலாம். இலை வெட்டிக் கொண்டே கேட்கலாம். கீரை ஆய்ந்து கொண்டே கேட்கலாம். பிள்ளை சொல்லும்போது பாடம் இரண்டாம் தடவை நடந்து விடுகிறது.

தமிழ்நாட்டில் 2010-ல் ஒரு ஏற்பாடு வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்லூரியில் படிப்புக் கட்டணச் சலுகை. அதற்குத் தாலுகா ஆபீஸில் 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். 'இல்லை, இல்லை, இல்லை' என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பரம்பரையைப் பற்றி அரசாங்கம் கேட்டு, 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால் சலுகை கொடுக்கிற இடம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

பீடித் தொழிலாளர் வீடுகளில் இருந்து அந்தச் சான்றிதழுக்காகப் போய் நிற்கும் பெண்கள் உண்டு. வாங்கிக் கொண்டு வந்த பிறகு வீட்டில் தம்பி கேட்பான், "எனக்கும் இது உண்டா, அக்கா?" கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் கொடுப்பார்கள். அவன் கல்லூரிக்குப் போகும் வயதில் அது பட்டதாரி இருக்கும் வீடாகி விடும். அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க அக்கா இருப்பாள், கட்டணத்துக்கு வேறு வழி பார்த்துக் கொள்ள வேண்டியதுதான்.